மே முப்பத்தோராம் திகதிக் கையெழுத்து

ஜூன் 1, ஞாயிறு

தர்ஷினியின் கையை உடைத்தது விளையாட்டுத் தொகுதி நிர்வாகம். காற்று இல்லை, கெட்ட நேரம் இல்லை, அவளுடைய குழப்படியும் இல்லை.

காலையிலிருந்து மழை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். சப்பாத்தில் மைதானச் சேறு. கழுவ மனமில்லை.

மறக்குமுன் எழுதி வைக்க வேண்டும்.

– நேற்று, சனி, பி.ப. 5.10. கொட்டாஞ்சேனை மைதானம். பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு என் கால்பந்துப் பயிற்சி. பதினொரு பேர்.
– வடக்குப் பக்க கோல் போஸ்ட். பந்து வலையின் மேல் மூலையில் சிக்கிக்கொண்டது. கோல் கீப்பர் தர்ஷினி உள்ளே நின்றபடி வலையைப் பிடித்து இழுத்தாள்.
– போஸ்ட் முழுதாக முன்னால் சரிந்தது. இடது கையைத் தூக்கினாள். குறுக்குக் கம்பி முன்கையில்.
– நான் பன்னிரண்டு அடி தூரத்தில். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தொங்கவில்லை. இரண்டு காலும் தரையில்.
– போஸ்டின் பின்சட்டத்தில் நிலத்தோடு முடுக்க நான்கு துளைகள். நான்கிலும் போல்ட் இல்லை. ஒன்றில் ஐஸ்கிரீம் குச்சி.

போஸ்டைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வாட்ச்சர் சுனில் அய்யே ஓடி வந்தார். போல்ட் எங்கே என்று கத்தினேன். போன மாதம் ஒரு கம்பனியின் விளையாட்டு விழாவாம். கூடாரம் அடிக்க இடம் போதாமல் போஸ்டைக் கழற்றி ஓரமாக வைத்தார்களாம். போல்ட் எல்லாம் ஸ்டோர் அறையில், பெயின்ட் டின்னில். "ஹெட்ட ஹெட்ட கிவ்வா, மிஸ்." நாளை, நாளை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கம்பனி மனிதர்கள் கோழிச் சோறு சாப்பிட்ட இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நாளை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி. வழி முழுக்க அவள் தன் கையைப் பார்க்கவேயில்லை. ஜிந்துப்பிட்டியில் ஒரு லொறி மறித்து நின்றபோது மட்டும், "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க மிஸ்" என்றாள். பதினாலு வயது.

ஜூன் 2, திங்கள்

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு. முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

வார்ட். முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு. தகடு வைத்துவிட்டார்கள். தர்ஷினியின் அம்மா செல்வராணி அக்கா தலைமாட்டில். புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை. பொகவந்தலாவையிலிருந்து வந்து எட்டு வருடம். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா சும்மா இருக்கவில்லை.

"பொம்பிளப் பிள்ளைக்கு ஏன் இந்த புட்போல்?"

"ஆம்பளப் புள்ள கையி என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?" செல்வராணி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தர்ஷினிக்கு மயக்கம் தெளிந்தும் தெளியாமலும். முதல் கேள்வி:

"மிஸ், அது கோல் இல்லதானே?"

"இல்லை."

"போஸ்ட் விழுந்தா கோல் குடுக்க ஏலாதுதானே?"

"ஏலாது."

"அப்ப சரி." தூங்கிவிட்டாள்.

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது ஸ்டான்லி அங்கிளின் போன். எங்கள் கால்பந்துக் கழகச் செயலாளர். "மகள், ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கினார். அவர் அப்படித் தொடங்கினால் விஷயம் சின்னதாக இருக்காது.

தொகுதி மனேஜர் மேலே அறிக்கை அனுப்பிவிட்டாராம். பிள்ளை குறுக்குக் கம்பியில் தொங்கினாள், அதனால் போஸ்ட் விழுந்தது. 12ஆம் திகதி மு.ப. 10க்கு விசாரணை. அதற்குமுன் பயிற்சியாளரின் கடிதம் வேண்டும். அதாவது நான். அதாவது, ஆம், தொங்கினாள் என்று.

"அவள் தொங்கேல்லை அங்கிள். நான் பாத்தனான்."

"பாத்தது எல்லாத்தையும் எழுதணும்னு இல்லதானே மகள்."

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுத வெட்கம். வேறு எங்கே எழுதுவது.

தொகுதியில் ஒரு பதிவேடு. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பயிற்சியாளர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். 'மைதானமும் உபகரணங்களும் பரிசோதிக்கப்பட்டு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன.' ஒரு நாளுக்கு ஒரு வரி. கிளார்க்மார் கந்தோரைப் பூட்டிவிட்டுப் போவது 4.15க்கு. எங்கள் பயிற்சி 4.30க்கு. பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. ஆகவே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் வந்து, முழு மாதத்துக்கும் வைத்துவிட்டுப் போவோம். நான் வருமுன்பே இதுதான் வழக்கம்.

கிளார்க் அக்கா மூன்று பேனை எடுத்து வைப்பார். நீலம், கறுப்பு, மெல்லிய நீலம். "மாத்தி மாத்தி வைங்க மிஸ், ஓடிட் பண்ண வாறவங்களுக்கு அழகா இருக்கும்." நான் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறேன். ஒரு கையெழுத்தைச் சாய்த்தும் அடுத்ததை நிமிர்த்தியும். ஒரு நாள் அவசரம், ஒரு நாள் ஆறுதல். கெட்டிக்காரி.

இன்று மதியம் இரண்டு பஸ் மாறிப் போனேன். மனேஜர் உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில்தான் கதைத்தார். மிக மரியாதை. கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். மே மாதப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பதின்மூன்று வரி, பதின்மூன்று கையெழுத்து. கடைசி வரி மே 31. கறுப்புப் பேனை. நிமிர்ந்த எழுத்து. ஆறுதலாக வைத்த நாள்.

"மிஸ் பரிசோதித்திருந்தால் போஸ்ட் நல்ல நிலையில் இருந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிற போஸ்ட் தானாக விழாது. பிள்ளை ஏதோ செய்திருக்கிறாள். பரிசோதிக்கவில்லை என்றால் மிஸ் அரச பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது?"

மின்விசிறி கடகடவென்று. பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன்.

வெளியே வந்தால் கிளார்க் அக்கா ஜூன் பக்கத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் மூன்று பேனை. யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். கோழையின் வசனம். ஆனால் வைக்கவில்லை.

கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி இல்லை. பின்னேரம் பிள்ளைகளிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி. "அக்கா இன்டைக்கு இல்லையா?" "அக்கா மழையாலயா?" மழை இல்லை. நல்ல வெயில்.

ஜூன் 5, வியாழன்

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பஸ் காட், அம்மாவின் பிரஷர் மாத்திரை. எதுவும் வாங்கவில்லை.

நேரே மைதானம். போஸ்டை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். போல்ட்? இல்லை. பின்சட்டத்தில் இரண்டு மணல் சாக்கு. ஒன்றில் கிழிசல், மணல் ஒழுகி ஒரு சின்னக் குவியல். அதற்குக் கீழே பதினேழு வயதுக்குட்பட்ட பெடியன்கள் கோல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஃபாஸில் விசில் ஊதிக்கொண்டு. அவர்களுக்கு அவர்தான் கோச். நல்ல கோச். என்னைவிட நல்லவர்.

"அந்தப் பக்கம் விளையாட விடாதீங்கோ ஃபாஸில்."

"சாக்கு வச்சிரிக்கிதானே."

"சாக்கு ஒழுகுது."

"மிஸ், நான் என்னா செய்ற? போஸ்ட் இல்லாம புட்போல் பழக்கிறதா?"

"நீங்களும் ஜூனுக்கு முழுக்க சைன் வச்சிட்டீங்கள் என்ன?"

சிரித்தார். சந்தோஷச் சிரிப்பில்லை. பெடியன்களை ஓடச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார்.

"ஓம், வச்சேன். நீங்களும்தானே வச்சீங்க. கராட்டி மாஸ்டரும் வச்சார். எல்லாரும் வச்சம். இப்ப ஒங்கட புள்ளக்கி நடந்திட்டு எண்டதும் எல்லாரையும் இழுக்க வாறீங்க."

"உங்கட பிள்ளைக்கு நடந்தால்?"

"நீங்க போராட்டம் நடத்துங்க. நான் ட்ரெய்னிங் நடத்துறேன்."

விசில்.

கோபத்தில் ஒரு சாக்கைத் தூக்கி மற்றதன் மேல் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பெடியன் வந்து உதவினான். உதவிவிட்டு, "அக்கா, தர்ஷினி தொங்கினவளாம் என்ன?" என்று கேட்டான். கெட்ட எண்ணம் இல்லை. கேள்விப்பட்டதைக் கேட்கிறான். ஐந்து நாளில் அது மைதானத்துக்குப் பொது அறிவாகிவிட்டது.

ஸ்டோர் பூட்டு. திறப்புச் சாவி மனேஜரிடமாம். சுனில் அய்யே உதட்டைப் பிதுக்கினார். அவருடைய வேலை நிரந்தரமில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்னும்.

ஜூன் 7, சனி

கழக அறை. ஸ்டான்லி அங்கிள் அந்தோனியார் திருநாளுக்குக் கொடிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம். அடியில் என் பெயர். மேலே ஒரு கோடு, கையெழுத்துக்கு.

சாரம்: பயிற்சியாளர் தடுத்தும் கேளாமல் பிள்ளை கம்பியில் தொங்கினாள். ஒழுங்கு மீறியதற்காக ஒரு வருடம் தொகுதிக்குள் வரக் கூடாது. போஸ்ட் பற்றி ஒரு சொல் இல்லை.

"தடுத்தும் எண்டு கூடப் போட்டிருக்கிறீங்கள்."

"அது ஒனக்காகப் போட்டது மகள். ஒன் மேல ஒண்டும் வராது."

"அவள் மேல?"

கொடிக் கட்டைக் கீழே வைத்தார். "இங்க பாரு. எங்க அப்பா காலத்துல இருந்து இந்த கிரவுண்டப் புடிச்சு வச்சிருக்கிறம். எத்தன பேர் கேக்குறாங்க தெரியுமா? புட்சால் கம்பனிக்காரன் கேக்குறான். ஓபிஸ் கிரிக்கட்காரன் கேக்குறான். பெர்மிட்ட நிப்பாட்டினா நாலு டீமும் ரோட்டுல. நூறு புள்ளைங்க. ஒரு புள்ள ஒரு வருஷம் வீட்டுல இருக்கும். கையும் ஆறணும்தானே."

"கை மூண்டு மாசத்தில ஆறும்."

"நீ ஓகஸ்ட்ல கோச்சிங் கோஸுக்குப் போகணும். கடிதம் நான்தான் குடுக்கணும். மெரட்டுறன்னு நெனைக்காத. ஞாபகப்படுத்துறன்."

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொந்தரவு. எனக்கு முதல் பூட்ஸ் கொடுத்தவர். பெண்பிள்ளைகள் அணி வேண்டும் என்று கமிட்டியோடு சண்டை பிடித்தவர். இன்று அதே வாயால் ஒரு பெண்பிள்ளையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். வேறு மைதானத்தில் ஒரு கழகத் தலைவரின் மகளாக இருந்தால் இந்தக் கடிதம் தட்டச்சுக்கே போயிருக்காது. துணிக்கடை அக்காவின் மகள், ஆகவே தொங்கினாள்.

பேனையை எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மூடியையும் கழற்றினேன். பெயரின் முதல் எழுத்து வரை மனம் போனது. பிறகு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நானும் நாளை என்றுதான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய். போயா, பௌர்ணமி விடுமுறை

கடை பூட்டு. தர்ஷினியை நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கை, மேல் மாடி, ஒற்றை அறை. யன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள். உள்ளே மேசையில் திராட்சை, ஹோர்லிக்ஸ் போத்தல். ஸ்டான்லி அங்கிள் வந்து போயிருக்கிறார்.

"நல்ல மனுசன் மிஸ். ஒரு மணித்தியாலம் இருந்தாரு. ஒரு பேப்பர் கொண்டாந்தாரு, சைன் போட்டுக் குடுத்தேன்."

"என்ன பேப்பர்?"

"சிங்களத்துல இருந்திச்சிங்க. ஆஸ்பத்திரிக்குக் குடுக்கன்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "என்னா மிஸ்?"

சொன்னேன். எல்லாவற்றையும். பிள்ளை தொங்கினாள் என்று, தாயும் ஒப்புக்கொண்டதாகத்தான் அது இருக்கும் என்று. செல்வராணி அக்கா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, "படிக்காம போட்டுட்டேனே" என்றார்.

நான் படித்துவிட்டே போட்டவள். பதின்மூன்று தரம். அதையும் சொன்னேன். பதிவேடு, மூன்று பேனை, எல்லாம். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

தர்ஷினிதான் கேட்டாள். "அப்ப நீங்க போஸ்ட்டப் பாக்கவே இல்லியா மிஸ்?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒழுங்கையில் யாரோ பலூன் விற்றுக்கொண்டு போனான். நான் எழும்பியபோது, சுவரைப் பார்த்தபடியே:

"ஸ்கூல்ல எல்லாரும் கொரங்குன்னு சொல்றாங்களாம். சங்கீதா மெசேஜ் போட்டா. எனக்கு கையி பரவால்ல. நான் தொங்கலன்னு நீங்க அந்த மீட்டிங்ல சொல்லணும். எழுதிக் குடுக்கணும்."

"சொல்லுறன்."

"ப்ரொமிஸ் எல்லாம் வேணாம். சொல்லுங்க."

ஜூன் 11, புதன்

வெயில். கடையில் ஒரு கிழவருக்கு இடது கண் கண்ணாடியை வலது பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்து, "உனக்குத்தான் முதலில் கண்ணைப் பாக்கோணும்" என்றார்.

பஸ்ஸில் திடீரென்று உறைத்தது. மே 31 சனிக்கிழமை. சனிக்கிழமை கந்தோர் திறப்பதில்லை. பதிவேடு அலுமாரியில், அலுமாரித் திறப்பு மனேஜரிடம். அன்றைக்கு யார் நினைத்தாலும் அந்த வரியில் கையெழுத்து வைத்திருக்க முடியாது. 31 மட்டுமில்லை. எல்லாச் சனிக்கிழமையும். எல்லாப் பயிற்சியாளரும். எத்தனையோ வருடமாக. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மனேஜர் அடியில் சரிபார்த்து வைத்த கையெழுத்தோடு.

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'இரண்டில் எது' என்று கேட்டார்.

ஆனால் நான் மட்டும் சொன்னால் அது என் பொய் மட்டும்தான். எல்லோரும் சொன்னால்தான் அது வழக்கம்.

நாளைக்குச் சொல்ல வேண்டியது:
1. தொங்கவில்லை.
2. போல்ட் இல்லை, இன்றும் இல்லை.
3. கையெழுத்து எப்படி வைக்கப்படுகிறது.
4. தர்ஷினியின் அம்மா வைத்த கையெழுத்து சிங்களம் வாசிக்கத் தெரியாமல் வைத்தது.

ஃபாஸிலுக்கு போன்.

"நாளைக்கு வாறீங்களா?"

"எல்லா கோச்மாரும் வரணும் எண்டு சொல்லிரிக்கி. வருவேன்."

"கதைப்பீங்களா?"

மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது. "பாப்பம் மிஸ்" என்றார்.

பார்ப்போம் என்றால் இல்லை என்றுதான். ஆனாலும் கொஞ்சம் நம்பினேன்.

ஜூன் 12, வியாழன்

மு.ப. 10. தொகுதிக் கந்தோரின் மேல் மாடி அறை. மனேஜர், மேலிடத்திலிருந்து ஒரு கண்ணாடிக்கார அதிகாரி, குறிப்பெடுக்கக் கிளார்க் அக்கா. ஒரு பக்கம் ஸ்டான்லி அங்கிள். சுவரோரமாகக் கதிரைகளில் பயிற்சியாளர்கள் ஆறு பேர். ஃபாஸில் கடைசியில். சுனில் அய்யேயைக் கூப்பிடவில்லை. தர்ஷினியையும் அவள் தாயையும் கூப்பிடவில்லை. தாயின் கடிதம் இருக்கிறதே என்றார்கள்.

சொன்னேன். தொங்கவில்லை, இரண்டு காலும் தரையில் இருந்தன. போல்ட் இல்லை. மாதத் தொடக்கத்திலேயே கையெழுத்து வைக்கும் வழக்கம். தாய் சிங்களம் வாசிக்கத் தெரியாமல் வைத்தது. நான்கையும் சொல்லி முடித்தேன்.

மனேஜர் பதிவேட்டைத் திருப்பினார். "அப்படியானால் மிஸ் மே மாதம் பதின்மூன்று முறை பொய் எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம்."

கிளார்க் அக்கா தலையைத் தூக்காமல் எழுதினார்.

"மே 31 சனிக்கிழமை" என்றேன். "சனிக்கிழமை இந்தக் கந்தோர் பூட்டு. அலுமாரித் திறப்பு உங்களிடம். அன்றைக்கு நான் எப்படி வைத்தேன் என்று நினைத்து அடியில் நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்?"

கண்ணாடிக்கார அதிகாரி முதல் தடவையாக மனேஜரைப் பார்த்தார். மனேஜர் மெல்லச் சிரித்தார். "அது மிஸ்தான் சொல்ல வேண்டும். கையெழுத்து மிஸ்ஸுடையது."

கிளார்க் அக்காவின் தாளை எட்டிப் பார்த்தேன். 'பரிசோதிக்காமல் கையொப்பமிட்டதைப் பயிற்சியாளர் ஏற்றுக்கொண்டார்.' அவ்வளவுதான். சனிக்கிழமை அதில் இல்லை.

"சனிக்கிழமையையும் எழுதுங்கோ அக்கா."

அவர் மனேஜரைப் பார்த்தார். பேனை நகரவில்லை.

"வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" அதிகாரி கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு.

ஸ்டான்லி அங்கிள் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"மாசம் துவங்க வந்து முழு மாசத்துக்கும் சைன் வைக்கிறது நான் மட்டுமா? உங்களுக்குத் தெரியும். ஒராள் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை தொங்கேல்லை எண்டு நீங்கள் சொல்ல வேண்டாம், நீங்கள் காணேல்லை. இதை மட்டும் சொல்லுங்கோ."

கராட்டி மாஸ்டர் தன் நகத்தைப் பார்த்தார். ஃபாஸில் கையில் போன், திரை கறுப்பு, அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பியோன் தேத்தண்ணித் தட்டோடு வந்தார். தட்டு வரிசையாகப் போனது. ஒவ்வொருவரும் ஒரு கோப்பை.

"ஃபாஸில், நீங்கள் சொல்லுங்கோ. உங்கட பெடியன்களும் பின்னேரம் அந்தப் போஸ்டுக்குக் கீழதான் நிக்கப் போறாங்கள். ஒரு வசனம். மாசத்துக்கு ஒருக்கா வைக்கிறம் எண்டு. சொல்லுங்கோ."

சீனி போதுமா என்று பியோன் அவரிடம் கேட்டார். அதற்கு மட்டும் ஃபாஸில், "போதும்" என்றார்.